வாத்தியத்தை மடியில் வைத்துக் காத்திருப்பவர்கள்

பிடித்த இசையமைப்பாளர் யார் என்று கேட்டால், பல ஆண்டுகள் யோசிக்காமல் மோட்சார்ட் என்று சொல்லி வந்தேன். அது பொய்யான பதில் அல்ல. ஆனால் அதில் என் சொந்த அனுபவம் அதிகம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. அந்த இடத்திற்கு பிராம்ஸ் வந்தது ஒரே மாலையில், அதுவும் நல்ல இருக்கை கிடைக்காத காரணத்தால். மேடைக்குப் பின்புறம், கலைஞர்களின் முதுகைப் பார்த்தபடி உட்காரும் வரிசையில்தான் எனக்கு இடம் இருந்தது. வயலின்கள் எங்கோ தொலைவில் ஒலித்தன. எனக்கு மிக அருகில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் மூன்று கலைஞர்கள் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு சும்மா அமர்ந்திருந்தார்கள்.

அன்று வாசிக்கப்பட்டது பிராம்ஸின் முதல் சிம்ஃபொனி, முழு இசைக்குழுவுக்காக நான்கு பகுதிகளில் எழுதப்பட்ட படைப்பு. டிம்பனி என்ற பெருமுரசு ஒரே சுரத்தில் விடாமல் ஒலிக்க, அதன் மேல் வயலின்கள் ஏறுவதும் மரக்குழல்கள் இறங்குவதுமாகத் தொடங்கும் அந்த முதல் பகுதி முழுவதும் அந்த மூவரும் அசையவில்லை. இரண்டாம் பகுதியிலும் அசையவில்லை, மூன்றாம் பகுதியிலும் இல்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் கடந்த பின்னர் ஒருவர் மட்டும் ஓசையின்றி வாத்தியத்திற்குள் மூச்சை ஊதிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். உலோகம் குளிர்ந்துவிட்டால் சுருதி இறங்கிவிடும் என்பதால் அப்படிச் செய்வார்கள் என்று பின்னர்தான் அறிந்தேன். அதற்குள் நான் இசையைப் பாதியும் அவர்களைப் பாதியுமாகக் கவனிக்கத் தொடங்கியிருந்தேன்.

நான்காம் பகுதியின் முன்னுரையில், இருண்டு தடுமாறிக்கொண்டிருந்த இசை சட்டென்று விலகி, ஹார்ன் ஒரு மலைநாட்டு மெட்டை வாசித்தது. 1868இல் தன் நெருங்கிய தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக பிராம்ஸ் எழுதி அனுப்பிய மெட்டு அது. அதைப் புல்லாங்குழல் வாங்கிக்கொண்டது. அதற்குச் சற்றுப் பின்னர், என் முன்னால் இருந்த மூவரும் தேவாலயப் பாடலைப் போன்ற ஒரு சிறு பகுதியை மிக மெல்லிய குரலில் வாசித்தார்கள். இவ்வளவு நேரம் காத்திருக்க வைத்தவர் இவர்களை முழங்க வைப்பார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். கிடைத்ததோ ஒரு முணுமுணுப்பு. உதடுகள் ஆறிப்போன நிலையில், உயர்ந்த சுரங்களை, அதுவும் மென்மையாக வாசிப்பது முழங்குவதைவிடப் பன்மடங்கு கடினம். முன்வரிசையில் அமர்ந்திருந்தால் இதை ஓர் அழகான திருப்பம் என்று மட்டும் எண்ணிக் கடந்திருப்பேன். (இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிம்ஃபொனியைக் கையில் வைத்திருந்து 1876இல்தான் வெளியே விட்டவர், அரை மணி நேரத்தை ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்க மாட்டார்.)

அன்றிலிருந்து எந்த ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டாலும், வாசிக்காதவர் யார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். துவோர்ஷாக்கின் ‘புதிய உலகிலிருந்து’ சிம்ஃபொனி 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதில் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிப்பவருக்கு மொத்தம் 14 சுரங்கள்தான், அவையும் இரண்டாம் பகுதியில் மட்டும். சிம்பல் என்ற உலோகத் தட்டுகளுக்கு முழுப் படைப்பிலும் ஒரே ஒரு தட்டு. அதுவும் படீரென்று அறைவது அன்று. இறுதிப் பகுதியில் கிளாரினெட் தன் மெட்டைத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், கதவை மெதுவாகச் சாத்துவதைப் போல வந்து போகும். பலமுறை கேட்ட பின்னரும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்களில் எவருக்கேனும் காத்திருந்தவர்களின் பக்கத்திலிருந்து சொல்ல ஏதேனும் இருந்தால், அதைக் கேட்கவே அதிகம் விரும்புவேன்.

* * *

நான் காத்திருந்தவர்களில் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனியில் பாஸ் குரலில் பாடும் சேர்ந்திசைக் குழுவில் ஒருமுறை இருந்தேன். சில அரங்குகளில் பாடகர்களைப் பாதியில்தான் மேடைக்கு அழைப்பார்கள். எங்களை முதல் சுரத்திற்கு முன்பே அமர வைத்துவிட்டார்கள். முதல் மூன்று பகுதிகள் முடிய ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். சாய்மானம் இல்லாத பலகையில், இருமக்கூட முடியாமல், நிமிர்ந்தே அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் பகுதி எவ்வளவு அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். விளக்குகளின் சூட்டில் உறக்கத்தோடு போராடிக்கொண்டிருந்த எனக்கு அன்று அதன் அழகு தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இறுதிப் பகுதியில் நடந்ததை ஒலிப்பதிவில் கேட்டு நான் ஒருபோதும் புரிந்துகொண்டிருக்க மாட்டேன். முந்தைய மூன்று பகுதிகளையும் இசைக்குழு ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறது. தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியங்களான செல்லோக்களும் டபுள் பாஸ்களும் ஒவ்வொன்றையும் இடைமறித்து மறுக்கின்றன. அந்தப் பகுதிகள் முழுவதையும் உடல் நோக அமர்ந்து கடந்திருந்ததால், அந்த மறுப்பு எங்கள் சார்பாகவே சொல்லப்படுவதாகத் தோன்றியது. பிறகு அதே செல்லோக்களும் டபுள் பாஸ்களும் எவர் துணையுமின்றி, காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவில் அந்த ஆனந்த மெட்டைத் தொடங்கின. எனக்கு நேர் கீழே அது ஒரு நடுக்கத்தைப் போல வந்தது. அதன் பின்னர் தனிப்பாடகர் எழுந்து, இந்த ஒலிகள் வேண்டாம், இனிமையானவற்றைப் பாடுவோம் என்று அழைத்து, ‘ஃப்ராய்டெ’ (ஆனந்தம்) என்று குரல் எழுப்ப, நாங்கள் அதே ஒற்றைச் சொல்லால் பதில் சொன்னோம். அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு முதலில் கிடைத்தது அந்த ஒரு சொல். என் குரல் கரகரத்தது என்றே நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவரின் குரலும் அப்படித்தான் இருந்தது. 1824 மே 7 அன்று வியன்னாவில் இதை முதன்முதலாகப் பாடியவர்களுக்கும் தொண்டை வறண்டிருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

* * *

மேலே இருவரும் நேரில் கண்டதைச் சொல்லியிருக்கிறீர்கள். என் அனுபவம் ஒலிப்பதிவோடு மட்டும் தொடர்புடையது, சற்று வெட்கத்திற்குரியதும் கூட. எனக்குப் பிடித்தவர் ப்ரூக்னர். அவருடைய ஏழாம் சிம்ஃபொனியின் மெதுவான பகுதி, அலை அலையாக எழும்பி, ஓர் உச்சத்தில் சிம்பல் ஒரே ஒரு முறை மோதுவதோடு திறந்துகொள்ளும். அந்த மோதலுக்காகவே அதைக் கேட்டு வந்தேன். ஒருநாள் வேறொரு குழுவின் ஒலிப்பதிவைக் கேட்டபோது உச்சம் வந்தது, சிம்பல் வரவில்லை. ஒலிப்பதிவில் கோளாறு என்று முடிவு செய்து, அந்த இடத்தை நான்கைந்து முறை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒலிபெருக்கியின் இணைப்பைக்கூடச் சரிபார்த்தேன்.

உண்மையில் அது பழைய விவாதம். சிம்பலும் ட்ரயாங்கிளும் ப்ரூக்னரின் கையெழுத்துப் படியில் தனித் தாளாகப் பின்னர் ஒட்டப்பட்டவை. ‘செல்லாது’ என்று அதில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது அவர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஹாஸ் பதிப்பித்த பிரதியில் சிம்பல் இல்லை, நோவாக் பதிப்பித்ததில் இருக்கிறது. என் மனம் நோவாக்கின் பக்கம்தான். அந்தக் கலைஞர் முழுப் படைப்பிலும் ஒரே ஒரு மோதலுக்காக வந்து அமர்கிறார். அதையும் பறித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது இசைக்கான வாதம் அன்று என்பதும் எனக்குத் தெரிகிறது.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். ப்ரூக்னரின் அந்த இரண்டு வடிவங்களையும் இந்த வாரம் அடுத்தடுத்துக் கேட்கிறேன். சிம்பல் இல்லாத உச்சத்தில்தான் எனக்கு இப்போது ஆவல் அதிகம்.

இப்படிக் காத்திருப்பதற்கு நேர்மாறான ஒன்றை ஹைட்ன் 1772இலேயே செய்துவிட்டார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இளவரசர் எஸ்தர்ஹாஸி தம் கோடை மாளிகையில் தங்குவதை நீட்டித்துக்கொண்டே போனார். குடும்பத்தைப் பிரிந்திருந்த கலைஞர்கள் ஏங்கினார்கள். அவர்களுக்காக ஹைட்ன் எழுதிய 45ஆம் சிம்ஃபொனியின் முடிவில், ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியேறுவார்கள். கடைசியில் ஒலி அடக்கப்பட்ட இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். அதை நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை அமையவில்லை. அமைந்தால், மேடைக்குப் பின்புற வரிசையில்தான் இருக்கை கேட்பேன்.