அந்தி வானம்: ஒளி தருவது சுத்த ஆரஞ்சா, சாம்பலா?

தூரிகைப்பித்தன்:
அந்தி வானத்தை வரையும்போது சாம்பல் நிறம் கலக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஓவியத்தைக் கொன்றுவிடுகிறார்கள் என்பது என் கட்சி. காட்மியம் மஞ்சளும் ஆரஞ்சும் வண்ணக்குழாயிலிருந்து வந்தபடியே ஓவியத் திரையில் நிற்க வேண்டும். அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் சர்ச் 1860இல் தீட்டிய 'ட்விலைட் இன் தி வில்டர்னஸ்' ஓவியத்தில் மேகங்கள் எரிகின்றன. அந்தத் துணிச்சல் இன்று எங்கே போயிற்று?

சாம்பல்மேகம்:
அதே ஓவியத்தின் கீழ்ப்பகுதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். இருண்ட காடும் மலையும் போனவுடன் மேகத்தின் தீ பாதி அணைந்துவிடும். வெள்ளைத் தாளைவிட வெளிச்சமான பூச்சு கிடையாது. சூரியனை ஒட்டிய வானமோ தாளைவிடப் பல மடங்கு ஒளிர்கிறது. எட்டிப் பிடிக்கலாம் என்று ஆரஞ்சில் வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். சுற்றியிருப்பதை அடக்குவது ஒன்றே வழி.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' காட்டுவது விடியல்தான், ஆனால் சிக்கல் இதேதான். அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால் சூரியன் ஏறக்குறைய காணாமல் போகிறது! சுற்றியுள்ள வானத்தைவிட அது வெளிச்சமாகவே இல்லை. நீலச் சாம்பலுக்கு நடுவே இருப்பதால்தான் தகிக்கிறது.

தூரிகைப்பித்தன்:
அது எனக்குச் சாதகமான சாட்சி, நண்பரே. வெளிச்சத்தில் வேறுபாடு இல்லாதபோதும் அந்த வட்டம் கண்ணைப் பறிப்பது அதன் நிறம் தெளிவாக இருப்பதால். தவிர, மனநிலை என்றாலே ஏன் எல்லோரும் சோகத்துக்கு ஓடுகிறீர்கள்? அந்தியில் களிப்பும் உண்டு.

கீழ்வானம்:
இருவரும் வண்ணத்தட்டையே பார்க்கிறீர்கள், வானத்தைப் பார்க்கவில்லை. சூரியன் தாழும்போது ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. சூரியன் மறைந்ததும் கிழக்கே திரும்புங்கள்: பூமியின் நிழல் நீலச் சாம்பல் பட்டையாக எழும், அதன்மேல் இளஞ்சிவப்பு. சாம்பல் யாருடைய கற்பனையும் அல்ல. தீயும் அப்படித்தான். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்த பின் லண்டன் வானம் மாலைதோறும் கனன்றதை ஓவியர் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் பாஸ்டல் வண்ணக்குச்சிகளால் பதிவு செய்தார். எந்த மாலை என்று சொல்லாமல் என்ன விவாதம்? ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் தம் மேக ஓவியங்களின் பின்புறம் நேரத்தையும் காற்றையும் எழுதிவைத்தவர்.

சாம்பல்மேகம்:
கவனிப்பு மட்டும் போதாது. ஆங்கில ஓவியர் டர்னரின் 'ஃபைட்டிங் டெமரெய்ர்' (1839) ஓவியத்தில் வரும் பழைய போர்க்கப்பல், உடைக்கப்படுவதற்காக உண்மையில் மேற்கு நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. ஓவியத்திலோ சூரியன் அதற்குப் பின்னால் மறைகிறது. அந்தப் பிரிவுத்துயருக்காக அவர் திசையையே மாற்றினார்.

தூரிகைப்பித்தன்:
திசையை மாற்றினாலும் நெருப்பைக் குறைக்கவில்லையே. சரி, உங்கள் முறையில் சாம்பல் எங்கே தொடங்க வேண்டும்?

சாம்பல்மேகம்:
சூரியனை ஒட்டிய பகுதியில் வேண்டாம். அங்கே உங்கள் ஆரஞ்சு அப்படியே இருக்கட்டும். மேகத்தின் நிழற்பக்கத்தில் தொடங்குங்கள். அதே ஆரஞ்சில் அல்ட்ராமரீன் நீலத்தைக் கலந்து அந்தச் சாம்பலை எடுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தது அங்கே உயிரற்றுக் கிடக்கும்.