அந்த மாதக் கையெழுத்து: மேற்பார்வையில் உங்களுக்கு நடந்தது என்ன?

மழைக்குருவி:
டெக்சாஸில் ஒரு ஏபிஏ மையம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்கும் இடம். பிசிபிஏ, அதாவது நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ்த் தேர்வுக்காக, மேற்பார்வையில் வேலை செய்து 2000 மணி நேரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்த ஒரு பையனின் பயிற்சித் திட்டத்தில், அவன் தன் கையைக் கடித்துக்கொண்டாலும் கொடுத்த வேலையைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. படித்திருந்தேன், அவ்வளவுதான். யாரும் செய்து காட்டவில்லை. அன்று காலை அவன் கையைக் கடித்துக்கொண்டான். நான் அட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவன் புறங்கையில் ரத்தம் வந்த பிறகுதான் எழுந்தேன். சாயந்திரம் பார்க்கிங்கில், கார் பானட் மேல் அந்த மாத மேற்பார்வை ஃபார்மை வைத்து சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். மாதம் ஒரு முறையாவது குழந்தையோடு நான் வேலை செய்வதை அவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவே இல்லை. கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஓரத்துஜன்னல்:
பழியை முழுக்க அவர் மேல் போடாதீர்கள். நான் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறேன். சூப்பர்வைசராக எனக்குக் கிடைத்த பயிற்சி 8 மணி நேரம், அத்தனையும் ஸ்லைடு. ஒருவரிடம் தவறை எப்படிச் சொல்வது என்று ஒரு தடவைகூடப் பழகிப் பார்க்கவில்லை. என்னிடம் பயின்ற பெண், இழுத்துக்கொண்ட குழந்தையின் கையை விடாமல் பிடித்து வட்டம் போடவைத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததால் நன்றாகச் செய்தாய் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மூன்று வாரமும் அதையே செய்தாள். நீங்களும் அன்று கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம்.

பழையடைரி:
எப்படிப் போடாமல் இருப்பார்? மணிநேரமும் வேலையும் சூப்பர்வைசர் கையில்தானே இருந்தன! 2022 முதல் நடப்பில் உள்ள பிசிபிஏ நெறிமுறை, ஒழுங்காகக் கவனிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பயில்பவர்களை ஏற்கும்படி சூப்பர்வைசரிடம் சொல்கிறது. அதை மீறியது பயில்பவர் இல்லை.

என் கதை சின்னது. என் முதல் சூப்பர்வைசர் பாயில் உட்கார்ந்து, குழந்தையாக என்னை அடம்பிடிக்கச் சொன்னார். அவர் செய்து காட்டினார். அப்புறம் இடம் மாறினோம். ஐந்து தடவை சொதப்பினேன், ஒவ்வொரு தடவையும் எங்கே என்று சொன்னார்.

மேற்பார்வை செய்பவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்வது, செய்து காட்டுவது, செய்யவைப்பது, திருத்துவது. நான்கும் வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாடத்தைத் திட்டமிடும்போது 'கருத்துச் சொல்லத் தெரியும்' என்று இலக்கு வைக்காதீர்கள், அதை எண்ண முடியாது. 'பார்த்த அன்றே, பார்த்த செயலைக் குறிப்பிட்டு, என்ன மாற்ற வேண்டும் என்று சொன்னார்' என்று வையுங்கள். சூப்பர்வைசர்களுக்கும் இதே முறையில் பயிற்சி கொடுங்கள். எப்போது வேலையை நிறுத்தலாம், யாரைக் கூப்பிடலாம் என்பதை முதல் வாரமே நடித்துப் பாருங்கள். மழைக்குருவி, உங்களுக்கு அது ஒன்று தெரிந்திருந்தால் அவன் கடித்த உடனே எழுந்திருப்பீர்கள்.

மழைக்குருவி:
இருக்கலாம். நான் யோசனை கேட்டு எழுதவில்லை. அடுத்த மாதம் அந்தப் பையனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆவணங்களை 7 வருடம் வைத்திருக்க வேண்டுமே, அந்த ஃபார்ம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.