புதுப்பிப்பு: நாயின் பாத அரிப்பு தணிந்தது

எங்கள் நாய் முன்னங்கால் பாதத்தை ஓயாமல் நக்கி, விரலிடை சிவந்து போனதற்கு இங்கே வழி கேட்டிருந்தேன்; ஆலோசனை தந்த அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது உப்புநீரே: ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் ஏறத்தாழ 9 கிராம் உப்பைக் கரைத்து, காலையும் மாலையும் பாதத்தைச் சில நிமிடங்கள் அமிழ்த்தி, பின்னர் விரலிடுக்கில் ஈரம் சிறிதும் தங்காதவாறு பழைய சாரத்துண்டால் ஒற்றியெடுத்தேன். ஈரத்தில் பூஞ்சை பெருகும் என்பதால், ஒற்றச் சொன்னவருக்கு என் தனி நன்றி. பூசிய தேங்காயெண்ணெயையோ நாய் உடனே நக்கிவிட்டதால் பலனில்லை.

எதிர்பாராதது ஒன்றும் உண்டு. வீக்கம் வடிந்த பின்னரே, விரலிடையில் மிளகளவு உண்ணி ஒன்று தலை புதைந்து கிடந்தது தெரிந்தது. சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்தேன். பின்வளவுப் பனங்காணியில் திரியும் நாய் என்பதால், இப்போது மிருக வைத்தியர் தந்த உண்ணி மருந்தும் தொடர்கிறது. உண்ணி கடித்த நாய் சோர்ந்து, உணவை மறுத்து, முரசு (பல்லீறு) வெளிறினால் வீட்டு வைத்தியத்தோடு காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.