லஞ்சப் புகார்: நோட்டீஸில் எதை எழுதுவது?

கேள்வி (குடியாத்தம்):
லஞ்ச ஒழிப்பு விழிப்புணர்வுக்கான விளம்பர வேலை என் பொறுப்பு. அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் போஸ்டர் ஒட்டியும் புகார் வரவில்லை. எதை மாற்றலாம்?

பதில் (காட்பாடி):
'கொடுத்தவனையும் பிடிப்பாங்க' என்ற பயம்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் தகவல் சொன்னால் குற்றமில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பொறிவைக்கக் கொடுத்தாலும் அப்படியே. இதுதான் முதல் வரி, கொட்டை எழுத்தில். சுலோகம் அப்புறம். தாலுகா ஆபீஸ் சுவர் வேண்டவே வேண்டாம். நின்று படிப்பவரை, லஞ்சம் கேட்டவனே பார்ப்பான். ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டில் ஒட்டுங்கள்.

பதில் (வேலூர்):
பீஞ்சமந்தை மலைக்குப் போஸ்டர் போதாது, கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். பத்திரிகைக் குறிப்பில் புகார்தாரரின் தெருப் பெயர்கூட வேண்டாம், சின்ன ஊரில் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தீர்ப்பு வரும்வரை 'கைது' என்றே எழுதுங்கள், 'குற்றவாளி' கூடாது.