சாம்பல் தொகுதிக்குத்தான் காசு வருமாம்! பில்லிக் கெராக்கானில் (கட்சியின் தேர்தல் வேலை நடக்கும் அறை) உட்கார்ந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பட்டர்வொர்த் மணி:
நானே ஆரம்பிக்கிறேன். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். மலேசியாவில், பினாங்கு செபராங் பிறையில் ஒரு சட்டமன்றத் தொகுதி, 2018-க்கு முன்னால் நடந்த தேர்தல். ஷாப்லாட் மாடியில் பில்லிக் கெராக்கான், நான் கணக்கு எழுதியவன். சுவரில் தொகுதி வரைபடம், அதில் மூன்று நிறத்தில் வட்ட ஸ்டிக்கர். வெள்ளை என்றால் நம்ம ஓட்டு, கறுப்பு என்றால் அவன் ஓட்டு, சாம்பல் என்றால் இழுபறி. தலைமையகத்திலும் இதே நிறக் கணக்குதான், அங்கே தொகுதி தொகுதியாக ஒட்டுவார்கள். வெள்ளைக்குக் காசு கொடுப்பது வீண், கறுப்புக்குக் கொடுப்பது அதைவிட வீண். அதனால் நாங்கள் சாம்பல் என்று நிரூபிக்கப் படாத பாடு பட்டோம்.

வேட்புமனு முடிந்த மூன்றாம் நாள் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். நாங்கள் செராமாவுக்கு (பிரச்சாரப் பேச்சு) வந்த கூட்டத்தைப் படம் எடுத்து வைத்திருந்தோம். அதைப் பார்க்கவே இல்லை மனுஷன். "போன தேர்தல் போராங் 14 இருக்கா?" என்றார். ஒவ்வொரு சாலுரானிலும் (வாக்குச்சாவடிக்குள் வயசுப்படி பிரித்த ஓட்டு வரிசை) எண்ணி முடித்ததும் ஏஜெண்டுகளிடம் கொடுக்கிற தாள் அது. நல்லவேளை, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.

தே தாரிக் டீயை ஓரம் தள்ளிவிட்டு சாலுரான் சாலுரானாகப் பார்த்தார். முதல் சாலுரானில் வயசானவர்கள், கடைசியில் இளசுகள். அதனால் தாளைப் பார்த்தாலே எந்த வயசுக்காரன் கைவிட்டான் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அடி விழுந்தது கடைசி சாலுரான்களில். பின்தங்கியது நானூறு ஓட்டுக்குள்தான். பேனாவால் அதை வட்டமிட்டு, "இந்தப் பையன்கள்ல எத்தனை பேர் சிங்கப்பூர்ல, கே.எல்.ல இருக்காங்க? போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பக்கத்துத் தொகுதிக்காரன் போன் நம்பர் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தையே நீட்டினானாம். பாச்சா ஏஜெண்டுகளுக்கு (ஓட்டுப் போடும்போதும் எண்ணும்போதும் உட்காரும் கட்சி ஆட்கள்) அலவன்ஸ், போன் செலவு, இரண்டாவது ரவுண்டு அச்சடிப்பு என்று எல்லாம் அங்கே போனது. எங்களுக்கு இரண்டு பெட்டி பேனர் வந்தது. தோற்றோம். எத்தனை ஓட்டில் என்று சொன்னால் தொகுதி தெரிந்துவிடும்.

செந்தூல் ராணி:
மணி அண்ணே, உங்களுக்கு வரலை என்கிற வருத்தம். எங்களுக்கு இருக்கிறதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்! கே.எல்.ல எங்கள் கட்சிக்குக் கோட்டை மாதிரி ஒரு தொகுதி. நிதி விருந்து வைப்போம், மேசை மேசையாக விற்போம், செராமா முடிந்ததும் வாளி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போவோம். ஒரு தடவை வாளியில் ஈரமான ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டு. மழையில் நின்று கேட்ட ஒரு தாத்தா போட்டது. மறுநாள் காலையில் மொத்தத்தையும் எண்ணிக் கட்டி பேராக், பகாங் பக்கம் உள்ள சாம்பல் தொகுதிகளுக்கு அனுப்பச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான். எங்கள் ஏஜெண்டுகளுக்கு நாசி லெமாக் வாங்கவே கடன் சொன்னோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2013-ல் கே.எல். சிபூத்தே தொகுதியில் ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) பெரும்பான்மை 51,000-க்கு மேல். அதே தேர்தலில் பகாங் கேமரன் மலையில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஜெயித்தது வெறும் 462 ஓட்டில். 2018-லும் அங்கே ம.இ.கா.தான், 597 ஓட்டு. இரண்டு தடவையும் தோற்றது ஜ.செ.க.வின் அதே வேட்பாளர், மனோகரன். ஐம்பதாயிரத்தோடு இன்னொரு ஆயிரம் சேர்த்து என்ன செய்வது? (பிறகு நீதிமன்றம் 2018 முடிவை ரத்து செய்து, 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது வேறு கதை.)

பிறை டீச்சர்:
என் மச்சான் ஒருவர் நின்றார். அவர் தொகுதியைக் கறுப்பு என்று எழுதிவிட்டார்கள். சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி, எட்டில் ஒரு பங்கு ஓட்டு வராவிட்டால் அதுவும் போச்சு. லாரியை அடகு வைத்து நின்றார். கடைசி மூன்று நாளில்தான் மேலே யாருக்கோ சந்தேகம் வந்து பணம் அனுப்பினார்கள். அதற்குள் அச்சகத்தில் "வரிசையில நில்லுங்க பாஸ்" என்றுவிட்டான். மச்சான் தோற்றார். லாரி திரும்பி வர இரண்டு வருஷம்.

சட்டம் வேட்பாளருக்குத்தான் வரம்பு வைக்கிறது. 1954 தேர்தல் குற்றச் சட்டப்படி நாடாளுமன்றத்துக்கு 200,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 100,000. கட்சி மேலிருந்து செய்கிற பொதுச் செலவுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. அந்தப் பெரிய பை யார் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் எல்லாமே.

பங்சார் அங்கிள்:
என் மகள் அமெரிக்காவில் படிக்கும்போது அவர்களுடைய காங்கிரஸ் தேர்தலில் தொண்டு வேலை பார்த்தாள். கீழவையில் மொத்தம் 435 இடம், நிஜமான போட்டி சில டஜன் இடங்களில்தானாம். இரண்டு கட்சிக்கும் இதற்கென்றே தனிக் குழு. டிவி விளம்பர நேரத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள், கடைசியில் விலை ஏறிவிடும். அக்டோபரில் தேறாது என்று தெரிந்தால் அந்த நேரத்தை ரத்து செய்து வேறு தொகுதிக்கு மாற்றுவார்கள். தன் வேட்பாளரைக் கைவிட்டதை அவள் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள், பாவம்.

இன்னொன்றும் சொன்னாள். வேட்பாளர் தானாக எவ்வளவு திரட்டினார் என்று பார்த்துவிட்டுத்தான் குழு இறங்குமாம். காசு இருக்கிறவனுக்குத்தான் காசு! நம் ஊரில் 2018-ல் பிரச்சாரமே 11 நாள், 2022-ல் 14 நாள். யோசித்து மாற்ற நேரம் எங்கே? அதோடு 2022-க்கு 18 வயசுப் பிள்ளைகள் தானாகப் பட்டியலில் வந்துவிட்டார்கள், மொத்தம் 2 கோடியே 11 லட்சம் வாக்காளர். மணி சாரின் பிஸ்கட் டின்னை வைத்து அந்தப் பிள்ளைகளை எப்படிக் கணிப்பது?

பட்டர்வொர்த் மணி:
அங்கிள் சொல்வது சரிதான். 2022-ல் கடைசி சாலுரானைப் பார்த்து நானே சாம்பல் ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

செந்தூல் ராணி:
அண்ணே, அந்த இரண்டு பெட்டி பேனர் என்ன ஆச்சு?

பட்டர்வொர்த் மணி:
மாமனார் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. நல்ல கெட்டித் துணி, ஒழுகவே இல்லை. தலைவர் முகம் உள்பக்கம்.