முதல் வரி 50 எழுத்தைத் தாண்டினால் கமிட் செல்லாதா?

முனையத்தான்:
நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவதுதான் கமிட்; அதோடு எழுதும் குறிப்பு கமிட் செய்தி. நம் திட்டத்தில் அவற்றைப் பார்த்து இணைக்கும் கருவேலன் நேற்று வேறோர் இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கமிட் செய்தியின் முதல் வரி 50 எழுத்தைத் தாண்டினால் மேற்கொண்டு படிக்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்" என்கிறார். இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது? கமிட்டுகளைச் சேமித்துவைக்கும் கிட் மென்பொருளின் கையேட்டில் 50 என்ற எண் இருப்பது உண்மைதான். அது கட்டாயம் அல்ல, செய்தால் நல்லது என்ற முன்குறிப்போடுதான் அங்கே இருக்கிறது. ஒரு சுருக்க வரி, ஒரு வெற்று வரி, பிறகு விரிவான விளக்கம். அவ்வளவுதான். நீண்ட வரியை கிட் தடுப்பதும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்புவோருக்கான வழிகாட்டி 70 முதல் 75 எழுத்துவரை அனுமதிக்கிறது. 2005இல் கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நடத்தும் திட்டம் அது. அங்கே 75 செல்லும், கருவேலனிடம் 51கூடச் செல்லாது!

கருவேலன்:
என் பெயரைப் போட்டு இழை திறந்தவர் கெர்னலை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். அங்கே முதல் வரி துணை அமைப்பின் பெயரோடு தொடங்கும். அந்த முன்னொட்டே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 50க்குள் அடங்காத வரிகளை நான் திருப்பி அனுப்பும்போது பெரும்பாலும் ஒன்றைக் காண்கிறேன்: ஒரே கமிட்டில் மூன்று வேலைகள். உள்நுழைவுப் பிழையைத் திருத்தி, தேதி வடிவத்தை மாற்றி, பழைய கோப்புகளையும் நீக்கியிருப்பார்கள். நாளை தேதி வடிவம் மட்டும் வேண்டாம் என்று அந்தக் கமிட்டை ரிவெர்ட் செய்தால் (மாற்றத்தைத் திரும்பப் பெற்றால்), திருத்திய பிழையும் கூடவே திரும்பி வந்துவிடும். வரி நீள்வது நோயின் அறிகுறி.

முனையத்தான்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. 50க்குக் கணக்கு என்ன? விளக்க வரிகளுக்கான 72க்குக் கணக்கு இருக்கிறது. 80 எழுத்து அகல முனையத்தில் (டெர்மினல்), கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக் கட்டளை செய்தியை இடப்பக்கம் 4 இடம் தள்ளிக் காட்டுகிறது. வலப்பக்கமும் 4 விட்டால் மிச்சம் 72. விளக்கப் பகுதியை அங்கே மடக்குவதற்குக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 50க்கு? இந்த 50/72 வழக்கத்தைப் பரவலாக்கியது 2008இல் நிரலாளர் டிம் போப் எழுதிய ஒரு குறிப்பு. நல்ல குறிப்பு. ஆனால் அது சட்டம் ஆகுமா?

அல்லி:
இருவரும் "தெளிவான செய்தி" என்கிறீர்கள். தெளிவு என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. எந்த வரி மாறியது என்பதை, பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப் காட்டிவிடும். ஏன் மாறியது என்பதைச் செய்தி மட்டுமே சொல்லும். "காலாவதி நேரத்தை 30 நொடியாக்கு" என்பது 50க்குள் அடங்கும் நல்ல தலைப்பு. ஆனால் 10 நொடி ஏன் போதவில்லை, 60 ஏன் வேண்டாம் என்பது கீழே இல்லாவிட்டால், அடுத்து வருபவர் அதை மறுபடியும் 10 ஆக்குவார். முதலில் இதைப் பேசலாமே?

முனையத்தான்:
அல்லி, அது அப்புறம். முதலில் 50க்குக் கணக்கு வரட்டும்.

கருவேலன்:
விம் எடிட்டரில் 50ஐத் தாண்டியதும் நிறம் மாறுகிறது. அதை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்களா?

முனையத்தான்:
நிறம் மாறுகிறது, கமிட் நிற்பதில்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளமும் தலைப்பை 72க்கு மேல் போனால்தான் வெட்டிக் காட்டுகிறது. இதற்குப் பெயர் காரணமா?

சேந்தன்:
நீங்கள் "எழுத்து" என்று எதை எண்ணுகிறீர்கள்? எங்கள் குழு தமிழிலேயே கமிட் செய்தி எழுதுகிறது. "திருத்து" நமக்கு 4 எழுத்து. கணினியின் எழுத்துத் தரமான யூனிகோடில், துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால், 8 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். கமிட் செய்யும்போது தானாக ஓடிச் செய்தியைச் சோதிக்கும் ஹுக் நிரல் பைட்டுகளை எண்ணினால், அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதும்போதே 48 ஆகிவிடும். இதில் 50 என்பது யாருக்கான அளவு?

கருவேலன்:
சேந்தன், கமிட் செய்தியை யார் தமிழில் எழுதச் சொன்னது? நாளை வெளியூர்க்காரர் ஒருவர் குழுவில் சேர்ந்தால் எப்படிப் படிப்பார்?

சேந்தன்:
எங்கள் நிரலைப் பயன்படுத்துபவரும் திருத்துபவரும் தமிழர்தாம். வராத வெளியூர்க்காரருக்காக எங்கள் பிள்ளைகள் அரைகுறை ஆங்கிலத்தில் "பக் ஃபிக்ஸ்" என்று இரண்டே சொல் எழுதிவிட்டுப் போக வேண்டுமா? தமிழில் எழுதத் தொடங்கிய பிறகுதான் காரணத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். உங்களுக்குத் தமிழ் என்றாலே ஏன் கசக்கிறது?

கருவேலன்:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

முனையத்தான்:
சேந்தன் கேட்டதும் என் கேள்விதான். எதை எண்ணுவது என்றே தெரியாத 50ஐ வைத்துக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார். "பிழை திருத்தம்" என்று எழுதினால் வாசல் திறக்கும். "பகுதித் தொகை திருப்பும்போது பைசா விடுபடும் பிழையைத் திருத்து" என்று எழுதினால், யூனிகோடு குறியீடுகளை எண்ணும்போது 50ஐத் தாண்டும், திறக்காது. எது யாருக்கு உதவும்? கெர்னல் வழிகாட்டி அந்த 75 எழுத்துக்குள் என்ன மாற்றம் என்பதோடு ஏன் தேவை என்பதையும் சொல்லக் கேட்கிறது. 50இல் அது நடக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்ற பொங்கல் சமயத்தில் நான் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதிய கமிட்டுகளை எல்லாம் ஸ்குவாஷ் செய்து, அதாவது ஒரே கமிட்டாக்கி, "கட்டணப் பகுதி மாற்றங்கள்" என்று ஒரே வரியில் இணைத்தவர் இந்தக் கருவேலன். 50க்குள் அடங்கியது, மகிழ்ச்சி! பிழை வந்தபோது பைசெக்ட் ஓட்டினோம். ஆயிரம் கமிட்டுக்கு ஏறக்குறைய பத்துச் சோதனையில் பிழையின் இடத்தைக் காட்டிவிடும் கருவி அது. காட்டியது, அந்த ஒரே பெரிய கமிட்டை. அதற்குள் எங்கே தேடுவது?

கருவேலன்:
நீங்கள் தனியாக வேலை செய்த அந்தக் கிளையில் பாதி கமிட்டுகள் தொகுக்கக்கூட (கம்பைல்) முடியாதவை. அப்படியே விட்டிருந்தால் பைசெக்ட் ஒவ்வொன்றிலும் சிக்கியிருக்கும். ஒரு வேலைக்கு ஒரு கமிட் என்று மேலே சொன்னேன். நீங்கள் அரை வேலைக்கு ஒன்று போட்டீர்கள்.

முனையத்தான்:
பாதி என்பது பொய். எவை என்று காட்டுங்கள்.

அல்லி:
ஸ்குவாஷ் செய்தாலும் பழைய விளக்கங்களைப் புதிய செய்தியின் கீழே சேர்க்கலாமே? எடிட்டரில் அவை எல்லாம் தயாராக வந்து நிற்குமே.

கருவேலன்:
அந்தக் கிளையே இப்போது இல்லை, எதைக் காட்டுவது? அடுத்த இணைப்புக் கோரிக்கையையும் (புல் ரிக்வெஸ்ட்) ஸ்குவாஷ் செய்துதான் இணைப்பேன்.

முனையத்தான்:
கிளையை அழித்தவரே ஆதாரம் இல்லை என்கிறார். என் கணினியில் அதன் நகல் இருக்கிறது. இன்றிரவு ஒவ்வொரு கமிட்டையும் தொகுத்துப் பார்த்து விடையை இங்கேயே போடுகிறேன். அதற்குள் 50க்குக் கணக்கைச் சொல்லுங்கள்.