காலையில் முதல் செல்ஃபில் மட்டும் வரும் ‘கடகட’: உங்களுக்கு நடந்தது என்ன?

குன்னூர்க்காரன்

ஆறு மாதம் ஆகியும் உறுத்துகிறது. 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, 78,000 கி.மீ. காலையில் முதல் செல்ஃப் அடித்ததும் மூன்று விநாடி கடகடவென்று அடிக்கும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. முதலில் போன இடத்துக்கு வண்டி சூடாகத்தான் போனது, அவர்கள் காதில் சத்தம் விழவேயில்லை. ஆனாலும் பிக் எண்டு பேரிங் (பிஸ்டன் தண்டின் அடியில் இருப்பது) போச்சு, இன்ஜின் இறக்கணும், நாற்பதாயிரம் என்றார்கள். கேட்காத சத்தத்துக்கு நாற்பதாயிரம்!

தெருமுனைப் பட்டறைப் பெரியவர் அப்படியில்லை. “ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும் தம்பி. காலைல நான் வர்ற வரைக்கும் சாவியைத் தொடாதே” என்றார். காலையில் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் தலையில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு “அடி” என்றார். “சத்தம் மேலதான், வால்வைத் தட்டுற டேப்பெட் பக்கம். ஆயில் ஃபில்டர் யார் வாங்கினது?”

நான்தான். போன சர்வீஸில் மலிவானதை வாங்கி 90 ரூபாய் மிச்சம் பிடித்திருந்தேன்.

இன்னொரு ராத்திரி நிறுத்தி, மறுநாள் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே ஃபில்டரைக் கழற்றினார். என் வண்டியில் அது படுத்தவாக்கில் இருக்கும். கழற்றினால் கையெல்லாம் ஆயில் வழியணும். இரண்டு சொட்டுதான் விழுந்தது. ராத்திரி ஆயில் கீழே ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்கிவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு, அது பிடிக்கவில்லை. காலையில் பம்ப் காலி ஃபில்டரை நிரப்பின பிறகுதான் டேப்பெட்டுக்கு ஆயில் ஏறும். அந்த இடைவெளிதான் என் மூன்று விநாடி. நல்ல ஃபில்டர் போட்டதும் சத்தம் போய்விட்டது.

பெரியவர் திட்டவேயில்லை. ஃபில்டரை என் கையில் வைத்து “கனம் பாரு” என்றார். அவ்வளவுதான்.

டென்ஷனர்

உங்களுக்கு அதிர்ஷ்டம். இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எனக்கும் இதே சத்தம்தான். ஃபில்டர், ஆயில் இரண்டும் மாற்றியும் போகவில்லை. கடைசியில் டைமிங் செயின், பிஸ்டனுக்கு ஏற்ற நேரத்தில் வால்வைத் திறக்க வைப்பது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் தள்ளும். காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து கவரில் அடித்திருக்கிறது. கவரைக் கழற்றிக் காட்டியபோது உள்பக்கம் பளபளவென்று ஒரு கோடு, நகம் மாட்டும் ஆழத்துக்கு. செயின் பல் தாண்டியிருந்தால் என் இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் முட்டியிருக்கும். எட்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

துவரங்குறிச்சி தாண்டி

நீங்கள் இரண்டு பேரும் மூன்று விநாடிக்குக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்குச் சத்தம் நிற்கவேயில்லை. அடியிலிருந்து ‘டங் டங்’ என்று கனமாக வரும், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் கூடவே ஓடும். தெரிந்தவர் ஒருவர் “கெட்டி ஆயில் ஊத்து, அடங்கும்” என்றார். ஊற்றினேன், அடங்கியது. அந்தத் தைரியத்தில் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கிளம்பினேன். துவரங்குறிச்சி தாண்டினதும் ஆயில் விளக்கு மினுக்கியது. மேலூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். ஒரே ஒரு ‘டமார்’. இறங்கிப் பார்த்தால் தாரில் கறுப்பாக ஆயில் கோடு, வண்டியிலிருந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு இன்ஜின் பிளாக்கைப் பிளந்து வெளியே வந்திருந்தது. பின்சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்துக்கும் கண் விழிக்கவில்லை.

ஹீட் ஷீல்டு

எனக்குச் சைலன்சர் மேலிருக்கும் தகடு ஆடியது. ஒரு கிளாம்ப் போட்டேன், சரியானது. ஆனால் இங்கே சில விஷயம் சொல்லியாக வேண்டும். கெட்டி ஆயில் சத்தத்தைத்தான் மூடும், தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்யாது. இளகின 5W-30 ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20W-50 ஊற்றினால் குளிரில் மேலே ஏற இன்னும் நேரமாகும், காலைச் சத்தம் கூடத்தான் செய்யும். முதலில் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைக்கும். பிறகு காலை முதல் ஸ்டார்ட்டை போனில் பதிவு செய்யுங்கள், மெக்கானிக்கிடம் வாயால் ‘டக் டக்’ என்று நடித்துக் காட்ட வேண்டாம். சூடாகச் சூடாக மெல்லக் குறைந்தால் பிஸ்டன் ஸ்லாப்பாக (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது) இருக்கலாம், பல வண்டிகள் அதோடு வருடக்கணக்கில் ஓடும். பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டராக, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றினால் சத்தம் அடங்குகிறதோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். அதையும் சில விநாடிதான் செய்ய வேண்டும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் யாரும் இன்ஜினை இறக்க விடாதீர்கள்.

துவரங்குறிச்சி தாண்டி

கதை இரண்டு வரி, பாடம் இருபது வரி. என் இன்ஜின் ரோட்டில் கிடந்தபோது நீங்கள் எங்கே சார் இருந்தீர்கள்?

குன்னூர்க்காரன்

டென்ஷனர், உங்களைப் படித்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. பெரியவரிடம் போய்ச் செயினையும் பார்க்கச் சொன்னேன். காலையில் மறுபடி ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார், செயின் கவரில் சத்தமில்லை. அப்படியே அந்தப் பழைய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். ரப்பர் வளையவேயில்லை, விரலால் அழுத்தியதும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. பாதித் துண்டு டிக்கியில் கிடக்கிறது. வீட்டில் என்ன அது என்று கேட்டார்கள், ‘பழைய சாமான்’ என்று சொல்லியிருக்கிறேன்.